லயத்து முற்றத்தில் சனியின் வளையம்: வேன் வண்டியில் தொலைநோக்கி ஏற்றி மலையகத்தில் வானம் காட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

தொலைநோக்கி வாங்குவது, வேன் பிடிப்பது எல்லாம் பிறகு. முதலில் மலையின் எந்தப் பக்கம் எப்போது வானம் திறக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையின் மலையகத்தில் இந்த வேலையைத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் மழையிடம் தோற்றவர்கள்தான்.

எந்த மாதம், எந்தச் சரிவு

தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழையைக் கொட்டும். கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா எல்லாம் அந்த மாதங்களில் மூடிக்கிடக்கும். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிப்போயிருக்கும். அதனால் பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை நல்ல இரவுகள் கிடைக்கும். டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் கதை தலைகீழ்: ஊவாவில் மழை, ஜனவரி முதல் மார்ச் வரை மேற்குச் சரிவில் தெளிந்த வானம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நினைவில் வைக்கத் தனிக் கணக்கு வேண்டாம். கொழுந்துக்குக் குவாலிட்டி சீசன் எங்கே நடக்கிறதோ அங்கே வானமும் நன்றாக இருக்கும். திம்புள்ள, நுவரெலியா தேயிலைக்கு ஜனவரி–மார்ச், ஊவாத் தேயிலைக்கு ஜூலை–செப்டெம்பர். வறண்ட, குளிர்ந்த காற்றுத்தான் இரண்டுக்கும் காரணம்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். மழை கழுவிவிட்ட வானம் சில நாட்களில் இரவு 9 மணிக்கு மேல் அருமையாகத் திறக்கும். ஆனால் அதை நம்பி ஊருக்கு அறிவித்தல் போட முடியாது. இந்த மாதங்களில் வீட்டுக்குப் பக்கத்துப் பாடசாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அது மஞ்சள் நிறமாக இருந்தாலும், வேனை எடுக்க வேண்டாம்.

மாதம் முடிவானதும் பஞ்சாங்கத்தைத் திறந்து திதி பாருங்கள். நிலாவைக் காட்டுவதாக இருந்தால் வளர்பிறை சஷ்டி, சப்தமி, அஷ்டமி. கோயில் கமிட்டி பௌர்ணமிப் போயா நாளைத்தான் கேட்கும், லீவு நாள் என்பதால். நயமாக மறுத்துவிடுங்கள். பௌர்ணமி நிலாவில் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. வெள்ளைத் தட்டு மாதிரிக் கண் கூசும். மலைக்குப் பின்னால் உதித்து மேலே வரவும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகலாம். சப்தமி நிலாவில் ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட கோட்டில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நிழலோடு எழுந்து நிற்கும். நெபுலா (வானத்து வாயுமேகம்), கொத்து நட்சத்திரம், பால்வீதி காட்ட வேண்டுமானால் தேய்பிறை தசமி முதல் அமாவாசை வரை.

கிழமை சனி. ஞாயிறு காலையில் பெரும்பாலும் பெரட்டு (வேலைக்குப் பேர் பதியும் கூட்டம்) இல்லை. மற்ற நாட்களில் விடியுமுன் எழுந்து சமைத்து மலைக்குப் போகும் பெண்கள் இரவு எட்டரைக்கு மேல் நிற்க மாட்டார்கள். நிற்கச் சொல்வதும் நியாயமில்லை.

எந்தத் தொலைநோக்கி

8 அங்குல டொப்சோனியன். அதாவது 203 மி.மீ. கண்ணாடி, 1,200 மி.மீ. குவியத் தூரம், மரப்பெட்டி போன்ற அடித்தளத்தில் சுழலும் குழாய். இந்த அடித்தளத்தைப் பரப்பிய ஜோன் டொப்சன் (1915–2014) சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதையில் போவோர் வருவோருக்கு வானம் காட்டியவர். பொதுமக்கள் கை பட்டு இழுபட்டாலும் தாங்கவேண்டும் என்பதற்காகவே ஒட்டுப்பலகையில் எளிமையாக அமைந்தது. உங்கள் தேவையும் அதேதான்.

கம்பி, எடைக்கல், மோட்டாரோடு வரும் ஈக்குவட்டோரியல் அடித்தளத்தை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேர்படுத்த வேண்டும். நாம் 7 பாகை வடக்கில் இருக்கிறோம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும், அதாவது எதிர் மலைக்குப் பின்னால். அதோடு அந்த வகை அடித்தளங்கள் பலவற்றை 15, 20 பாகைக்குக் கீழே சாய்க்கவே முடியாது. வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் வரும் முதல் நட்டம் இது.

ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) இரண்டு போதும். 25 மி.மீ. ஒன்று, 48 மடங்கு பெருக்கும்: நிலா, கொத்துகள், நெபுலாவுக்கு. 10 மி.மீ. ஒன்று, 120 மடங்கு: சனி, வியாழனுக்கு. வாங்கும்போது கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்க முடிகிறதா என்று சோதியுங்கள். மலிவான 10 மி.மீ. ஐபீஸில் கண்ணை வில்லையில் ஒட்டிவைக்க வேண்டியிருக்கும். ஐம்பது பேரின் கண்மையும் கண்ணீரும் படிந்து மங்கிவிடும். நிலாவுக்கு ஒரு கருப்பு ஃபில்டர். இவற்றோடு 10×50 பைனாகுலர் ஒன்றும் வேண்டும். கார்த்திகைக் கூட்டத்தை அதில் பார்க்கும் அழகு தொலைநோக்கியில் கிடைக்காது. வரிசையில் நிற்பவர்களுக்கு அலுப்பும் தெரியாது.

வேனும் சாமான் ஏற்றும் முறையும்

டொல்பின் வேனில் இடம் தாராளம். ஆனால் தோட்டத்துக் கொங்கிரீட் பாதையில் எதிரே லொறி வந்தால் பின்னால் எடுத்துத்தான் வழிவிட வேண்டும். ஆள் இரண்டு, தொலைநோக்கி ஒன்று என்றால் எவ்ரி மாதிரிச் சின்ன வேன் போதும். 1.2 மீட்டர்க் குழாய் பின் சீட்டை மடித்தால் நீளவாக்கில் படுக்கும். கடும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும் என்பதுதான் அதன் குறை.

குழாயைச் சீட்டுக்கு மேல் சாய்த்துக் கட்டாதீர்கள். மூன்றங்குல ஸ்பொஞ்ச் மெத்தையைத் தளத்தில் விரித்து, குழாயைப் படுக்கவைத்து, கண்ணாடி இருக்கும் கனமான முனையை ட்ரைவர் பக்கம் திருப்புங்கள். வண்டியின் பின்பகுதிதான் குழிக்குக் குழி தூக்கிப்போடும். இரண்டு இடத்தில் பெல்ட் போட்டு இறுக்குங்கள். மூடிகள் இரண்டும் போட்டிருக்க வேண்டும். அடித்தளத்தைக் குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, இடையில் பழைய கம்பளியைச் செருகுங்கள். ஐபீஸ்களுக்கு ஸ்பொஞ்ச் வெட்டிய மூடி இறுகும் பெட்டி, அதற்குள் இரண்டு பொதி சிலிக்கா ஜெல்.

எலன் கீ செட், ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர், கருப்பு டேப், ஃபைண்டருக்கு (ஒளிப்புள்ளியால் குறிபார்க்க உதவும் சிறு கருவி) சிஆர் 2032 பட்டன் பெட்டரி இரண்டு, ரப்பர் ஊதி, பழைய பருத்திச் சேலைத் துண்டுகள் (கையைத் துடைக்க மட்டும், வில்லையைத் துடைக்க அல்ல), படங்கு ஒன்று, பிளாஸ்டிக் கதிரை ஒன்று, இரண்டு படி உள்ள ஸ்டூல் ஒன்று. மறந்துபோவது எப்போதும் பட்டன் பெட்டரிதான். ஃபைண்டரை அணைக்காமல் மூடியிருப்பீர்கள். அடுத்த தடவை புள்ளி எரியாது.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 அம்பியர்–மணி சீல் பெட்டரி தனியாக. கண்ணாடியைக் குளிரவைக்கும் கம்பியூட்டர் ஃபேன், குழாயின் வாயருகே ஒளியை ஐபீஸுக்குத் திருப்பும் சின்னக் கண்ணாடியின் ஹீட்டர் பட்டி, சிவப்பு விளக்கு மூன்றும் சேர்ந்து 0.7 அம்பியர் அளவில் எடுக்கும். பெட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரம் வரும். வேனின் சொந்தப் பெட்டரியில் மாட்டினால் இரவு பத்தரைக்குக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை ஊரே கூடித் தள்ள வேண்டிவரும்.

அனுமதியும் இடமும்

தோட்டத்துக்குள் என்றால் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) எழுத்தில் கேளுங்கள். அதோடு நிறுத்தினால் கூட்டம் வராது. தோட்டத் தலைவர், கோயில் கமிட்டி, பாடசாலை அதிபர் மூவரில் ஒருவராவது “நம்ம பிள்ளைகளுக்கு” என்று சொல்லி அழைக்க வேண்டும். கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் திகதி, நேரம், வேன் நம்பர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரவில் இருட்டில் ஆட்களைக் கூட்டி, விளக்கையும் அணைக்கச் சொல்லும் வேலை இது. முன்கூட்டியே தெரியாவிட்டால் சந்தேகப்படுவார்கள். மைக் வேண்டாம். அனுமதி, பரீட்சை எழுதும் பிள்ளைகள் என்று தலைவலி. நூறு பேருக்குத் தொண்டை போதும்.

இடத்தைப் பகலில் போய்ப் பாருங்கள். கட்டாயம் பகலில். முதலில் மேலே பார்த்து மரங்களிலும் பாறை விளிம்பிலும் குளவிக்கூடு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வேறு இடம், பேச்சுக்கே இடமில்லை. பிறகு தெற்குப் பக்கம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. தெற்கு மலை இரண்டு முஷ்டிக்கு மேல் உயர்ந்து நின்றால் தென்சிலுவையை மறந்துவிடுங்கள்.

பள்ளத்தாக்கின் அடி கூடாது. குளிர்காற்று சரிவு வழியே இறங்கி அடியில் தேங்கும். எட்டு மணிக்கே மூடுபனி குளம் கட்டும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையும் அப்படித்தான். நுவரெலியா நகரமே பேதுருதாலகாலை அடிவாரத்துக் கிண்ணத்தில் இருக்கிறது. அங்கே நகர மைதானத்தைவிட மேலேறிய தோட்டம் ஒன்று நல்லது. நடுச்சரிவிலுள்ள பெரட்டுக்களம், பாடசாலை மைதானம், கோயில் முன்றல் ஆகியவை தோதான இடங்கள். ஹப்புத்தளையின் தெற்கு விளிம்பிலிருந்து சமவெளி வரை மறைப்பே இல்லாமல் தென்வானம் தெரியும். ஆனால் அந்த விளிம்பில்தான் கீழிருந்து பனிமேகம் ஏறிவரும். நூறு மீட்டர் உள்ளே தள்ளி ஒரு மாற்றிடம் பார்த்துவையுங்கள்.

லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கூரைகளுக்கு மேலாகப் பார்க்கும்படி தொலைநோக்கியை வைக்காதீர்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை விறகடுப்புப் புகை அந்த வழியே போகும். தகரக் கூரையும் பகல் சூட்டை வெளியே விடும். வியாழனை அதற்கு மேலாகப் பார்த்தால் கொதிக்கும் தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி ஆடும். வேனின் பொனட்டுக்கு மேலாகவும் அதே சிக்கல். ஊவாவின் ஜூலைக் காற்றில் வேனைக் காற்று வரும் பக்கம் நிறுத்தி மறைப்பாக்குங்கள், ஆனால் நான்கு மீட்டராவது தள்ளி.

சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை, மலைப்பாதை விளக்குகள் மஸ்கெலியாப் பக்கத்தில் இரவு முழுதும் எரியும். காட்சிக்கு அழகு, அந்தத் திசையில் மங்கலான பொருட்களைத் தேடுவதற்குக் கெடுதல். வார இறுதியில் அந்த வீதியில் வண்டி நெரிசலையும் கணக்கில் எடுங்கள்.

வந்திறங்கிய பின் செய்யவேண்டியவை

சூரியன் மறைவது ஆண்டில் மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில், முழு இருள் வர அதற்குப்பின் எழுபது நிமிடமளவில் எடுக்கும். வேன் வெளிச்சத்தில் வந்து சேரவேண்டும். ஐந்து மணிக்கு இடத்தில் நின்றால் அவசரமில்லை.

இறங்கியதும் குழாயை வெளியே எடுத்து மூடியைத் திறந்து, கண்ணாடிப் பக்க ஃபேனைப் போடுங்கள். சூரியன் இன்னும் இருந்தால் குழாயின் வாயை அதற்கு எதிர்ப்பக்கம், நிழலில் திருப்பி வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். பிள்ளைகள் ஓடிவந்து சூரியனைக் குறிபார்த்தால் ஒரு நொடியில் கண் போய்விடும். வேனுக்குள் 25 பாகைச் சூட்டில் இருந்த கண்ணாடி 12 பாகைக் குளிருக்கு வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை 120 மடங்கில் எதுவும் தெளியாது.

பிறகு கண்ணாடிகளை நேர்செய்வது. தோட்டத்துப் பாதையில் வந்த டொப்சோனியன் நேர் தப்பாமல் வருவது அபூர்வம். இதை வெளிச்சத்திலேயே முடியுங்கள்.

1. குழாயைக் கிடைமட்டமாக வையுங்கள். எலன் கீ நழுவினால் பெரிய கண்ணாடி மேல் விழக்கூடாது.
2. லேசர் கருவியை ஐபீஸ் இடத்தில் வைத்து, அதையே மெல்லச் சுற்றிப் பாருங்கள். பெரிய கண்ணாடியில் விழும் புள்ளி வட்டம் போட்டால் கோளாறு லேசரில். அதை நம்பி எதையும் திருகாதீர்கள்.
3. சின்னக் கண்ணாடியின் மூன்று சிறு ஸ்க்ரூக்களைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகி, புள்ளியைப் பெரிய கண்ணாடியின் நடுவிலுள்ள வளைய அடையாளத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒன்றைத் தளர்த்தினால் மற்றதை இறுக்க வேண்டும். மூன்றையும் தளர்த்தினால் சின்னக் கண்ணாடி சுழன்றுவிடும்.
4. குழாயின் அடியிலுள்ள ஸ்க்ரூக்களால் பெரிய கண்ணாடியைச் சாய்த்து, திரும்பி வரும் புள்ளியை லேசரின் சொந்தத் துளைக்குள் விழச் செய்யுங்கள்.
5. பூட்டு ஸ்க்ரூக்களை மெதுவாக இறுக்கி, மறுபடி பாருங்கள். இறுக்கும்போதுதான் நேர் தப்பும்.

இருட்டியதும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை 120 மடங்கில் சற்று மங்கவிட்டுப் பாருங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நடுவில் இருந்தால் சரி.

ஃபைண்டரை நிலாவில் நேர்ப்படுத்தாதீர்கள், அது பெரிது. தொலைவிலுள்ள கோபுர விளக்கு அல்லது ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) லைட் நல்லது.

குழாயின் வாயில் பனிக்காப்பு ஒன்று வேண்டும். யோகா விரிப்பை வெட்டி 35 செ.மீ. நீளத்துக்குக் குழாயைச் சுற்றி நீட்டிவிட்டால் போதும். மலையகத்தில் ஒன்பது மணிக்கு மேல் சின்னக் கண்ணாடியில் பனி படியும். படம் மெல்ல மெல்ல மங்கும். “மேகம் வந்துட்டு” என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். டோர்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். பனி என்றால் ஹீட்டர் பட்டி, அல்லது குழாயைக் கீழே சாய்த்துப் பத்து நிமிடம். ஒருபோதும் துணியால் துடைக்காதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள்.

வரிசைக் கணக்கு

கூட்டம் குழம்புவது இங்கேதான், அதனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஒருவர் வந்து, குனிந்து, கண்டுபிடித்து, “ஐயோ” என்று சொல்லி, நகர 45 விநாடி. மணிக்கு எண்பது பேர். இடையில் நீங்கள் திருத்தும் நேரம் போனால் அறுபது. நூறு பேர் வந்தால் ஒரு பொருளுக்கே ஒரு மணி நாற்பது நிமிடம். ஆகவே ஒரு இரவுக்கு இரண்டு பொருள்தான் திட்டம். ஐந்து ஆறு என்று ஆசைப்பட்டால் கடைசியில் நின்றவருக்கு ஒன்றும் கிடைக்காது.

பூமி சுழல்வதால் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். 25 மி.மீ. ஐபீஸில் ஒரு பாகைக்குச் சற்று அதிகமான வானம் தெரியும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக நான்கு நிமிடம் எடுக்கும். 10 மி.மீ. ஐபீஸில் அது ஒன்றே முக்கால் நிமிடம். பொருள் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்க விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்துவிட்டு ஆளை விடுங்கள். பெரிய ஐபீஸில் நாலு பேருக்கு ஒரு தடவை, சின்னதில் இரண்டு பேருக்கு ஒரு தடவை நீங்கள் திருத்தினால் போதும். நடுவில் வைத்துக் கொடுத்தால் பாதி நேரம் வீண்.

இன்னொரு சங்கதி, நமக்கே உரியது. கோள்களின் பாதை நம் தலைக்கு மேலாகவே போகிறது. குழாய் நேர் மேலே நிற்கும்போது டொப்சோனியனைப் பக்கவாட்டில் தள்ள முடியாது, சுற்றிச் சுற்றி முரண்டு பிடிக்கும். ஐபீஸும் பிள்ளைகளின் தலைக்கு மேலே போய்விடும். எனவே பொருள் 35 முதல் 60 பாகை உயரத்தில் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். அஷ்டமி நிலா அந்திக்கு உச்சியில் நிற்கும். சஷ்டி நிலா அதே நேரத்தில் மேற்கே இறங்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் சிறுவர் அதிகம் வரும் இடத்துக்கு சஷ்டி.

தொலைநோக்கிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையை முதுகு தெரியும்படி வையுங்கள். குனிபவர் கை எதையாவது பிடிக்கத் தேடும். கதிரை இல்லாவிட்டால் குழாயைப் பிடிக்கும், பொருள் போய்விடும். கொழுந்துக்கூடை சுமந்து இடுப்பு வலியோடு வரும் அம்மாக்களுக்கும் அந்தக் கதிரை உதவும். ஸ்டூலில் ஏறும் பிள்ளையின் பின்னால் எப்போதும் ஒருவர் நிற்கட்டும்.

“தெரியுதா?” என்று கேட்காதீர்கள். தெரியாவிட்டாலும் “ஆ, தெரியுது” என்பார்கள், பின்னால் நிற்பவர்களுக்காக. “வளையம் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு?”, “பக்கத்துல எத்தனை புள்ளி?” என்று கேளுங்கள். பதில் வந்தால்தான் பார்த்தார்கள்.

போன் வெளிச்சம் பெரிய தொல்லை. வரிசையின் தொடக்கத்திலேயே ஒரு இளைஞரை நிறுத்தி, போன்களைச் சட்டைப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் நிலாவைப் போனில் எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுங்கள், கொடுத்ததைச் செய்யுங்கள். நடமாடும் இடத்துக்குச் சிவப்பு செலோபேன் மூன்று மடிப்புச் சுற்றிய டோர்ச். பச்சை லேசரைப் பிள்ளைகள் கையில் தராதீர்கள். ஆட்கள், வண்டி, விமானம் எதன் மேலும் படக்கூடாது. நீட்டிய கையே பல நேரம் போதும்.

என்ன காட்டுவது

சனி, வியாழன், நிலா இருந்தால் கூட்டத்துக்கு வேறெதுவும் வேண்டாம். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பியது. இனி 2032 அளவு வரை ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டு போகும். வியாழனின் நான்கு நிலாக்களை 1610இல் கலிலியோ பார்த்தார். இரண்டு மணி நேர இடைவெளியில் அவை இடம் மாறுவதை உங்கள் கூட்டமும் பார்க்கும். முதலில் வந்தவர்களை ஒரு தாளில் புள்ளி போட்டு வைக்கச் சொல்லி, போகுமுன் மறுபடி காட்டுங்கள்.

“என் நட்சத்திரம் எது?” என்ற கேள்வி நிச்சயம் வரும். அதைத் தயாராக வைத்திருங்கள்; இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. வெறுங்கண்ணுக்கே எளிதாகக் காட்டக்கூடியவை கார்த்திகை, ரோகிணி, சிவந்த திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை. மூலம் தேளின் கொடுக்கு. பூசத்துக்காரருக்குப் பைனாகுலரில் கடகத்தின் தேன்கூடு போன்ற கொத்து. மங்கலான நட்சத்திரக்காரர் முகம் வாடினால் அகத்தியர் நட்சத்திரத்தைக் காட்டுங்கள். பெப்ரவரி நடுவில் இரவு எட்டரைக்குத் தெற்கே 30 பாகை உயரத்தில், வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக நிற்கும்.

கல்யாணத்தில் ஐயர் பட்டப்பகலில் கைகாட்ட, “பார்த்தேன்” என்று தலையாட்டிய அருந்ததியை ஏப்ரல் இரவு ஒன்பதுக்கு வடகிழக்கில் உண்மையாகவே பார்க்கலாம். சப்தரிஷி மண்டலத்தின் வால் நடுவில் வசிட்டர், அருகே மங்கலாக அருந்ததி. 48 மடங்கில் வசிட்டரே இரண்டாகப் பிரிவார். திருமணமான தம்பதிகளைச் சேர்த்து நிறுத்திக் காட்டுங்கள், சிரிப்புக்குக் குறைவிருக்காது.

ஊவாவின் ஜூலையில் எட்டு மணிக்குத் தெற்கே தேள் முழுதாக எழுந்து நிற்கும், நடுவே பால்வீதி. தென்மேற்கில் ஒமேகா சென்டோரி கொத்து 30 பாகைக்குச் சற்றுக் கீழே; 48 மடங்கில் சீனி கொட்டியது போல. ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை.

மேற்குச் சரிவுக்காரர்கள் ஆண்டில் ஒரு இரவைத் தவறவிடக்கூடாது: மகா சிவராத்திரி. நிலா இல்லாத தேய்பிறைச் சதுர்த்தசி, வறண்ட பருவம், ஊரே கோயிலில் விழித்திருக்கும். பூசைக்கும் பூசைக்கும் இடையில் அலுப்பாய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் உங்கள் கூட்டம். முதல் சாமத்தில் மிருகசீரிடம், திருவாதிரைப் பக்கத்திலுள்ள வேடன் (ஓரியன்) கூட்டத்து நெபுலா, பைனாகுலரில் கார்த்திகை. வேடன் தொடக்கத்தில் உச்சியில் நிற்பான். எட்டரைக்குப் பின் மேற்கே சாய்ந்ததும் காட்டுங்கள். இரண்டாம் சாமத்தில் பூசம், மகம். நள்ளிரவையொட்டித் தெற்கே தாழ்வாக ஏட்டா கரினா நெபுலா. மூன்றாம் சாமத்தில் இரண்டு மணி தாண்டித் தென்சிலுவை நேராக நிமிரும்; மூன்று மணிக்குமேல் தெற்கே ஒமேகா சென்டோரியும் வடக்கே அருந்ததியும் ஒரே நேரத்தில் உச்சம் தொடும். நான்காம் சாமத்தில் அல்ஃபா சென்டோரி, 120 மடங்கில் இரட்டை நட்சத்திரமாக, நமக்கு 4.3 ஒளியாண்டுத் தூரத்து அயல்வீடு. கிழக்கே தேள் ஏறிவிடும். சிவராத்திரி பெப்ரவரி நடுவில் வந்தால் இந்த நேரங்களை ஏறக்குறைய இருபது நிமிடம் பின்தள்ளுங்கள். மார்ச்சில் வந்தால் முக்கால் மணி முன்தள்ளுங்கள். கோயில் ட்யூப் லைட்டுகளை முழுதும் அணைக்கச் சொல்ல முடியாது. முன்றலின் ஒரு பக்கத்தைப் படங்கு கட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

சனியைப் பார்க்கத் தயங்கும் பெரியவர்கள் இருப்பார்கள். கோயிலிலேயே சனி பகவானுக்கு நேரெதிரே நிற்காதவர்கள், தொலைநோக்கியில் எப்படிப் பார்ப்பார்கள்? கிண்டல் வேண்டாம், பெயரை மறைத்துக் காட்டுவதும் வேண்டாம். “அம்மா, இதுல சனி, பைனாகுலர்ல கார்த்திகை, எது வேணும்?” என்று கேட்டுவிடுங்கள். பேரப்பிள்ளை பார்த்துக் கத்தியதும் பாதிப்பேர் தாமே வருவார்கள். சிங்களம் நன்றாகப் பேசும் ஒருவரைக் குழுவில் வைத்திருங்கள்; பக்கத்துக் கிராமத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

மேகம் மூடினால் அரை மணி நேரம் காத்திருங்கள். அந்த நேரத்தில் குழாயின் உள்ளே கண்ணாடியைக் காட்டி, ஒளி எப்படித் திரும்புகிறது என்று டோர்ச்சால் விளக்கலாம். அதற்குமேல் ஆட்களைக் குளிரில் நிறுத்தாமல் மாற்றுத் திகதியைச் சொல்லி அனுப்புங்கள். மாற்றுத் திகதியை முதல் அறிவித்தலிலேயே எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

திரும்பும் வழி, மறுநாள்

கூட்டம் கலைந்த பிறகு வெள்ளை டோர்ச்சால் தரையை ஒரு சுற்றுப் பாருங்கள். எலன் கீயும் ஐபீஸ் மூடியும் புல்லில்தான் கிடக்கும். கால்களில் அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் பகுதிகளில் பிள்ளைகளைத் தனித்தனியே அனுப்பாமல், லயம் லயமாகச் சேர்த்து ஒரு பெரியவரோடு அனுப்புங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர், மூடுபனியில் லோ பீம். நானுஓயாவிலிருந்து ராதெல்லக் குறுக்குவழியில் இரவில் இறங்காமல் தலவாக்கலைப் பெருவீதியைப் பிடியுங்கள், தூரம் கூடினாலும்.

ஈரமான குழாயை மூடியோடு பூட்டிவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வில்லையில் பூஞ்சணம் வலை பின்னிவிடும். அதைத் துடைத்தாலும் பூச்சில் அடையாளம் நிற்கும். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு தூக்கம் வந்தாலும், குழாயை உள்ளே எடுத்து மூடிகளைக் கழற்றி, வாய் சற்றுக் கீழ்நோக்கும்படி சாய்த்து, மேலே மெல்லிய சீலை போட்டு வையுங்கள். மறுநாள் மத்தியானம் வரை அப்படியே இருக்கட்டும். ஐபீஸ்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாளில் பரப்புங்கள். சிலிக்கா ஜெல்லைத் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறவிட்டு, மறுபடி பொதி கட்டுங்கள். ஃபைண்டரை அணைத்தீர்களா என்று இன்னொரு தடவை பாருங்கள்.